தம் கட்டும் விதி: கதையாட்டத்தில் ஒருவர் நியாயமாக மூழ்குவது எப்படி?

எங்கள் கதையாட்ட மேசையில் செத்துப்போன முதல் கதாபாத்திரம் ஒரு திருடன். நிலவறைக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்துவிட்டது. வெளியே போகும் வழியில் ஒரு கம்பிக் கதவு, அதில் ஒரு பூட்டு. பூட்டைத் திறக்கப் பகடை உருட்டினார் நண்பர், தவறியது. மறுபடி உருட்டினார், மறுபடியும் தவறியது. "இன்னும் மூச்சு இருக்கிறதா?" என்று அவர் கேட்டபோதெல்லாம் "இருக்கிறது, இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். புத்தகக் கணக்குப்படி அந்தத் திருடனுக்கு மூன்று நிமிடம் உண்டு. நான் குத்துமதிப்பாக எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவில் மற்றவர்களின் சண்டையும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் திடீரென்று, "முடிந்துவிட்டது, மயங்கிவிட்டாய்" என்றேன்.

நண்பர் சண்டை போடவில்லை. பாத்திரத் தாளை மடித்துக்கொண்டே, "எப்போது முடிந்தது?" என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு மூழ்கடித்தது தண்ணீரா, என் சோம்பேறித்தனமா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு. மூச்சடக்கும் விதிகளை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தது அந்த இரவுக்குப் பிறகுதான்.

இந்த ஆட்ட வகை புதிதாக இருப்பவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பேசிப் பேசியே ஒரு சாகசக் கதையை நடத்திச் செல்வதுதான் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். நான் சுருக்கமாகக் கதையாட்டம் என்கிறேன். 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த வகையின் மூத்த பிள்ளை. ஒருவர் மட்டும் பாத்திரம் ஏற்காமல் உலகத்தையும் எதிரிகளையும் பார்த்துக்கொள்வார். அவரை நடத்துநர் என்று அழைக்கலாம். பஸ் நினைவுக்கு வந்தால் தவறில்லை. யார் ஏறினார், யார் இறங்கினார், யாருக்குச் சில்லறை பாக்கி என்று பார்க்கும் வேலை இங்கேயும் உண்டு. முடிவு தெரியாத செயல் என்றால் இருபது முகப் பகடையை உருட்டி, அதனுடன் பாத்திரத்தின் திறமைக்கான கூட்டெண்ணைச் சேர்ப்பார்கள். குறித்த இலக்கை எட்டினால் வெற்றி. அடிபட்டால் உயிர்ப்புள்ளி குறையும், பூஜ்யமானால் மயக்கம். சண்டை சுற்றுச் சுற்றாக நடக்கும், ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு ஒரு முறை வரும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒரு சுற்று என்பது கதைக்குள் 6 விநாடி. உடலுறுதி என்று ஒரு குணம் உண்டு. மூச்சுக் கணக்கு பெரும்பாலும் அதன் தலையில்தான் விழும்.

கதையாட்டம் தெரியாவிட்டாலும் மூச்சை வைத்து ஆடும் ஆட்டம் நமக்குப் புதிதில்லை. சடுகுடுவை நினைத்துப் பாருங்கள். பாடிக்கொண்டு வருபவன் ஒரே மூச்சில் பாட வேண்டும். பாட்டு விட்டால் அவன் அவுட். அவனுடைய மூச்சு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது அவனுக்கு மட்டும் தெரிந்த இரகசியம் அல்ல. எதிரணி ஏழு பேருக்கும் காதில் விழுகிறது. குரல் தேயத் தேய அவர்கள் நெருங்குவார்கள். அவனும் கோட்டைப் பார்த்துக் காலை இழுப்பான். இன்றைய கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி என்று கடிகாரம் வைத்துவிட்டார்கள். மூச்சு என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஏமாற்றவும் இடம் தரும் அளவுகோல் என்பதால் அது புரிந்துகொள்ளக்கூடிய மாற்றமே. ஆனால் கடிகாரமும் எல்லோர் கண்ணிலும் படும்படிதான் இருக்கிறது. பழைய விதியோ புதிய விதியோ, "எப்போது முடிந்தது?" என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு புத்தகங்களில் இருக்கும் விதிகளைப் பார்ப்போம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. அதன்படி ஒரு பாத்திரம் '1 + உடலுறுதிக் கூட்டெண்' நிமிடங்கள் மூச்சடக்கலாம். எவ்வளவு நோஞ்சானாக இருந்தாலும் குறைந்தது 30 விநாடி. மூச்சு தீர்ந்த பிறகு, உடலுறுதிக் கூட்டெண் எத்தனையோ அத்தனை சுற்றுகள் தாங்கலாம். இதில் குறைந்தது ஒரு சுற்று. அதற்கடுத்த தன் முறை தொடங்கும்போது உயிர்ப்புள்ளி பூஜ்யம். எண்பது புள்ளி இருந்தாலும் பூஜ்யம்தான்.

என் நண்பரின் திருடனுக்குக் கூட்டெண் 2. அப்படியென்றால் மூன்று நிமிடம், அதாவது 30 சுற்று. இந்த ஆட்டத்தில் ஒரு சாதாரணச் சண்டை மூன்று முதல் ஐந்து சுற்றுக்குள் முடிந்துவிடும். நீருக்கடியில் முதலையோடு கட்டிப்புரண்டு, அதைக் கொன்று, அதன் வயிற்றைக் கிழித்து மோதிரத்தைத் தேடி எடுத்தாலும் அவனுக்கு இருபது சுற்றுக்கு மேல் மூச்சு பாக்கி இருக்கும். முப்பது சுற்றுவரை தண்ணீருக்கு எந்தப் பொருளும் இல்லை. பிறகு இரண்டே சுற்றில் அதுவே எமன். முப்பது சுற்றை எந்த நடத்துநரும் ஒழுங்காக எண்ணுவதில்லை. எண்ணாத கணக்கை எப்படி முடிப்பது? என்னைப் போலத்தான்.

இந்த விதியில் இன்னொரு முள்ளும் இருக்கிறது. பூஜ்யத்துக்குப் போனவர் ஒவ்வொரு முறையும் சாவா பிழைப்பா என்று பகடை உருட்ட வேண்டும். மூன்று தவறினால் மரணம். மூச்சு திரும்பும்வரை யாரும் அவரைத் தேற்றவும் முடியாது, மருந்து கொடுக்கவும் முடியாது. ஆக, மயங்கிய பிறகு பதினெட்டு விநாடியில், பகடை மோசமாக விழுந்தால் அதற்கும் முன்பே, கதை முடிந்துவிடலாம்.

2024இல் திருத்திய பதிப்பு இதைக் கொஞ்சம் மாற்றியது. மூச்சடக்கும் நேரம் அதேதான். தீர்ந்த பிறகு ஒவ்வொரு முறையின் முடிவிலும் களைப்பு ஒரு படி ஏறும். ஆறாவது படியில் மரணம். மறுபடி மூச்சு கிடைத்தால், மூச்சடைப்பால் வந்த களைப்பு முழுவதும் நீங்கிவிடும். படிப்படியாகத் தளர்வது தெரிகிறது, அதனால் இது முந்தியதைவிட மேல். ஆனாலும் யாரும் எண்ணாத அந்த முப்பது சுற்று அப்படியே இருக்கிறது.

பழைய 3.5 பதிப்பில் ஒரு நல்ல யோசனை இருந்தது. உடலுறுதி எண்ணைப் போல் இரண்டு மடங்கு சுற்றுகள் மூச்சடக்கலாம், ஆனால் சும்மா நகர்ந்தால் மட்டும்தான் அந்தக் கணக்கு. கத்தி வீசுவதுபோல் வேலை செய்தால் ஒரு சுற்று கூடுதலாகக் கழியும். ஆக, மூச்சு ஒரு செலவாகிவிட்டது. என்ன செய்கிறாய் என்பதைப் பொறுத்துப் பை கரையும். எண்ணிக்கைதான் பெரிது: உடலுறுதி 14 என்றால் (அதன் கூட்டெண் 2, நம் திருடனைப் போல) 28 சுற்று, விடாமல் சண்டை போட்டாலும் 14.

அந்த யோசனையை எடுத்து எண்ணிக்கையை இறக்கியது இன்னொரு கதையாட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு. '5 + உடலுறுதிக் கூட்டெண்' சுற்றுகள், அவ்வளவே. முறை முடியும்போது 1 கழியும். அந்த முறையில் தாக்கினாலோ மந்திரம் போட்டாலோ 2 கழியும். பலமான அடி விழுந்தால் இன்னொன்று. வாயைத் திறந்து பேசினால் மொத்தமும் போச்சு. நம் திருடனுக்கு இதில் 7. சண்டை போட்டால் நான்காவது முறையின் முடிவில் காலி. சண்டையின் நீளமும் மூச்சின் நீளமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. அச்சில் நான் பார்த்தவற்றுள் எனக்குப் பிடித்த விதி இதுதான். ஒரே குறை, மூச்சு தீர்ந்ததும் உடனே மயக்கம். ஆட்டக்காரர் வேடிக்கை பார்ப்பவராகிவிடுகிறார்.

ஏழு சுற்று என்பது 42 விநாடி. "மனிதனால் இவ்வளவுதான் முடியுமா?" என்று மேசையில் ஒருவர் கட்டாயம் கேட்பார். பிரான்சின் ஸ்டெஃபான் மிஃப்சூட் 2009இல் 11 நிமிடம் 35 விநாடி மூச்சடக்கியதை அவரே எடுத்தும் சொல்வார். எடுத்துச் சொல்லட்டும். அந்தச் சாதனை நீரில் முகம் கவிழ்ந்து, ஒரு விரலைக்கூட வீணாக அசைக்காமல், வருடக்கணக்கான பயிற்சிக்குப் பிறகு செய்தது. அவரை யாரும் அப்போது வாளால் குத்தவில்லை.

உடம்பின் கணக்கு எளியது. வளர்ந்த ஆணின் நுரையீரல் நிறைய மூச்சிழுத்தால் சுமார் 6 லிட்டர் காற்று. அதில் ஆக்சிஜன் 21 சதவீதம், அதாவது ஒன்றேகால் லிட்டர். அதையும் முழுக்கப் பயன்படுத்த முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஆக்சிஜன் கேட்கும். மாடிப்படியில் ஓடும் உடம்பு அதைப்போல் பத்து மடங்கு கேட்கும். அசையாதவருக்குச் சில நிமிடம் வருகிற அதே காற்று, மல்லுக்கட்டுபவருக்கு அரை நிமிடம்கூட வராது. சண்டைக்குக் கூடுதல் மூச்சு கழிப்பது நடத்துநரின் கொடுமை அல்ல, உடம்பின் கணக்கு.

மூச்சு முட்டுகிறதே, அது எதனால் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஆக்சிஜன் குறைவதை உடம்பு அவ்வளவாக உணர்வதில்லை. கரியமில வாயு ஏறுவதைத்தான் உணர்ந்து, "இழு, இழு" என்று நெஞ்சை உதைக்கிறது. அதனால்தான் குதிப்பதற்குமுன் படபடவென்று பலமுறை மூச்சிழுத்துவிட்டுப் போவது ஆபத்து. அப்படிச் செய்தால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது. கரியமில வாயு மட்டும் குறையும். அபாயமணி அடிப்பதற்கு முன்பே ஆள் மயங்கிவிடலாம், நீச்சல் தெரிந்தவராக இருந்தாலும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் கிணற்றிலோ குளத்திலோ போட்டி வைக்க வேண்டாம். சோதித்தே தீர வேண்டுமென்றால் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள். சும்மா இருக்கும்போது நான் ஒரு நிமிடத்தைத் தொட்டேன். பத்துத் தோப்புக்கரணம் போட்டுவிட்டு முயன்றபோது பாதியைக்கூடத் தொடவில்லை. என் பாத்திரங்களிடம் இரக்கம் பிறந்தது அப்போதுதான்.

குளிர்ந்த நீரில் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். தோல் சட்டென்று குளிர்ந்ததும் வாய் தன்னாலேயே 'ஹா' என்று காற்றை இழுக்கும். தலை நீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர்.

இப்போது மறுபக்கம். மயங்கியவர் உடனே செத்துவிடுகிறாரா? இல்லை. மூளைக்கு ஆக்சிஜன் நின்று நான்கைந்து நிமிடம் கடக்கும்போதுதான் மீளாத சேதம் தொடங்குகிறது. அதற்குள் வெளியே இழுத்து, வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்திப் பிழைக்க வைத்த கதைகள் எத்தனையோ உண்டு. நான்கு நிமிடம் என்றால் 40 சுற்று. புத்தகம் தருவது மூன்று.

ஆக, மிகப் பிரபலமான விதி இறுக்கிப் பிடிக்க வேண்டிய இடத்தில் தாராளமாக இருக்கிறது. தாராளமாக இருக்க வேண்டிய இடத்தில் கழுத்தை இறுக்குகிறது. நினைவோடு இருக்கும் நேரத்தை அள்ளிக் கொடுத்து, தோழர்கள் வந்து காப்பாற்றும் நேரத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. இதைத் தலைகீழாக்கினாலே பாதி வேலை முடிந்தது. நியாயம் ஒரு பக்கம், யதார்த்தம் ஒரு பக்கம் என்று இழுபறி நடக்கும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். இந்த விஷயத்தில் இரண்டும் ஒரே திசையில் இழுக்கின்றன.

எங்கள் மேசையில் இப்போது ஓடும் விதியைச் சொல்கிறேன். இதற்குத் தேவை ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையும் ஒரு கொட்டாங்கச்சியும்.

தண்ணீருக்குள் போகும் ஒவ்வொருவருக்கும் '6 + உடலுறுதிக் கூட்டெண்' புளியங்கொட்டை. யாருக்கும் மூன்றுக்குக் குறையாது. தெரிந்து, நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு குதித்தால் முழு எண்ணிக்கை. யாரோ தள்ளிவிட்டோ படகு கவிழ்ந்தோ விழுந்தால் பாதி. பனி ஆறு என்றால் விழுந்தவுடன் இன்னும் ஒன்று போகும். ஒவ்வொருவரும் தம் முறை முடியும்போது ஒரு கொட்டையைக் கொட்டாங்கச்சியில் போட வேண்டும். தாக்கினால், பூட்டோடு போராடினால், யாரையாவது இழுத்துக்கொண்டு நீந்தினால் இரண்டு. அசையாமல் பதுங்கியிருந்தால் இரண்டு சுற்றுக்கு ஒன்று. அடிபட்டால் அந்த இடத்திலேயே ஒன்று. நீருக்குள் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் இரண்டு கொடுத்து ஒரே ஒரு சொல் சொல்லலாம். பாத்ஃபைண்டரைவிட நான் கொஞ்சம் இளகிய மனம். எண்ணிக்கையை நடத்துநர் தொடக்கூடாது. கொட்டையை ஆட்டக்காரரே தம் கையால் எடுத்துப் போட வேண்டும். டொக் என்ற சத்தம் மேசை முழுக்கக் கேட்க வேண்டும். சடுகுடுக்காரனின் பாட்டு தேய்வதுபோல.

கை காலியான பிறகு என்ன? இங்கேதான் பெரும்பாலான விதிகள் ஒரே பகடையில் உயிரை வைத்துவிடுகின்றன. 'சுற்றுக்கு ஒருமுறை உருட்டு, தவறினால் மயக்கம்' என்பது பார்ப்பதற்கு மென்மையாகத் தெரியும். பத்துக்கு ஒன்பது முறை வெல்லும் அளவுக்கு இலக்கை எளிதாக வைத்தாலும், பத்துச் சுற்று தொடர்ந்து உருட்டும்போது ஒருமுறைகூடத் தவறாமல் தாண்டும் வாய்ப்பு 35 சதவீதம்தான். புது நடத்துநர்கள் வழுக்கி விழும் இடம் இது: சுலபமான உருட்டல் என்று நினைத்துப் பலமுறை உருட்டச் சொல்வார்கள், அந்த 'பலமுறை'தான் ஆளைக் கொல்லும்.

அதனால் நாங்கள் ஒரு பேரத்தைச் சேர்த்தோம். கொட்டை தீர்ந்தபின் ஒவ்வொரு முறை முடிவிலும் ஆட்டக்காரர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று, உடலுறுதிக்குப் பகடை, இலக்கு முதலில் 10, பிறகு 12, பிறகு 14 என்று ஏறும், தவறினால் மயக்கம். இரண்டு, பகடையே வேண்டாம் என்று உயிர்ப்புள்ளியைக் கொடுத்து அந்தச் சுற்றை விலைக்கு வாங்குவது. முதல் சுற்றுக்கு ஓர் ஆறுமுகப் பகடை விழும் அளவு, அடுத்ததற்கு இரண்டு பகடை, அதற்கடுத்ததற்கு மூன்று. கண் இருட்டிக்கொண்டு வரும்போதும், நெஞ்சு உதைக்கும்போதும் 'இன்னும் ஒரே ஒரு இழுப்பு' என்று மனிதர் போராடுவார் அல்லவா, அதற்கு விலை இது. வீரமான பாத்திரத்துக்கு நான்கைந்து சுற்று வாங்க முடியும். அதற்குமேல் விலை கட்டுப்படியாகாது. எப்படியானாலும், சாவதற்குமுன் கடைசியாக ஒரு முடிவு எடுத்தவர் அவரே.

மயங்கிவிட்டால் பத்துச் சுற்றுக்கு யாரும் எந்தப் பகடையும் உருட்டுவதில்லை. அது தோழர்களின் நேரம். பத்துக்குள் தலையை நீருக்கு மேலே கொண்டுவந்து, ஒருவர் ஒரு முழு முறையைச் செலவிட்டு ஊதினால் ஒரு புள்ளியோடு இருமிக்கொண்டு எழுவார். பத்தைத் தாண்டினால் வழக்கமான மரணப் பகடைகள். நாற்பது சுற்று கொடுக்கலாமே என்றால், அவ்வளவு நேரம் ஒருவர் மேசையில் கைகட்டி உட்கார்ந்திருப்பதும் அநியாயம்தான்.

நீச்சல் தெரியாதவர் மேற்பரப்பிலேயே தத்தளிப்பதற்கு ஒரு தனி வரி எழுதி வைத்திருக்கிறேன்: அவரால் கத்த முடியாது. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, மூழ்குபவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து சொன்னது இது. மூழ்குபவர் கையை ஆட்டிக் கூப்பிடுவதில்லை. கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும், வாய் மூச்சுக்கே போதாது. அதிகபட்சம் ஒரு நிமிடம், பல நேரம் இருபது விநாடிதான், சத்தமே இல்லாமல் எல்லாம் நடக்கும். பக்கத்தில் இருக்கும் பாத்திரங்கள் கவனித்தார்களா என்று பகடை உருட்டச் சொல்லுங்கள். 'காப்பாற்றுங்கள்' என்ற அலறல் சினிமாவோடு இருக்கட்டும்.

மற்றவை சில்லறை. இரும்புக் கவசம் அணிந்தவர் நீந்தினால் எப்போதும் இரண்டு கொட்டை. எதிரிகளுக்கெல்லாம் தனிக்கணக்கு வைக்காதீர்கள். நான்கு கொட்டை என்று வைத்துக்கொண்டு, தீர்ந்ததும் மேலே ஓடிவிடுவான் என்று முடித்துவிடலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் நீருக்குள் மூச்சுவிடவைக்கும் மந்திரம் ஒன்று பத்துப் பேருக்கு 24 மணி நேரம் வேலை செய்யும். ஐந்தாம் நிலை மந்திரவாதிக்கு அது கிடைத்துவிட்டால் இந்த விதிக்கு அநேகமாக ஓய்வுதான். வருத்தப்படாதீர்கள், அது அவர்கள் சம்பாதித்த வசதி.

ஒன்றை மட்டும் சில்லறையில் சேர்க்கமாட்டேன். நம் ஊரில் குளமோ கிணறோ கடலோ ஒருவரையாவது கொண்டுபோகாத தெருக்கள் குறைவு. மேசையில் இருப்பவர்களில் யாருக்கு எந்த நினைவு இருக்கிறதென்று முகத்தைப் பார்த்துத் தெரியாது. ஆட்டம் தொடங்கும்முன், "இன்றைக்குத் தண்ணீரில் மூழ்கும் காட்சி வரலாம், வேண்டாமென்றால் மாற்றிவிடுகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். யாராவது வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் ஆற்றைப் பாலைவனமாக்கிவிடலாம். கதைதானே.

போன மாதம் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்கும் ஒரு சாகசத்தை நடத்தினேன். திருடனை இழந்த அதே நண்பர்தான் குளியாள். இடுப்பில் கயிறு, காலில் கல், கழுத்தில் சிப்பி போட ஒரு வலைப்பை. முத்துக்குளிப்பவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்று நம் பக்கம் ஒரு வழக்கைச் சொல்வார்கள். அக்கா தங்கையின் தாலி நினைவில் இருந்தால் கயிறு கைநழுவாது. அதனால் இன்னொரு நண்பர் மச்சான் ஆனார். மேசையின் குறுக்கே ஒரு சணல் கயிற்றைப் போட்டு, ஒரு நுனியை இவர் கையிலும் மறு நுனியை அவர் கையிலும் கொடுத்தேன். நீருக்குள் இருக்கும்வரை குளியாள் பேசக்கூடாது. இரண்டு முறை சுண்டினால் 'தூக்கு'.

எட்டுப் புளியங்கொட்டை. கல்லோடு ஆறு பாகம் (முப்பத்தாறு அடி) ஆழம் இறங்கினார்; ஒரு டொக். சிப்பி பொறுக்கினார், இரண்டாவது டொக். இன்னொரு சுற்று பொறுக்கினார், மூன்று. கையில் ஐந்து. மேலே போகலாம். பாறை இடுக்கில் உள்ளங்கை அகலத்துக்குச் சிப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று நான் சொல்லியிருக்கக்கூடாது. கையை விட்டார். கை சிக்கிக்கொண்டது. இழுத்ததற்கு இரண்டு, பகடை தவறியது. இடுக்குக்குள் இருந்த விலாங்கு கடித்ததற்கு ஒன்று. கையில் இரண்டே கொட்டை.

மச்சானாக இருந்தவர் கயிற்றைப் பார்க்கவில்லை, கொட்டாங்கச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "படகில் இருப்பவனுக்கு அது எப்படித் தெரியும்?" என்று பக்கத்தில் ஒருவர் ஆட்சேபித்தார். தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். தெரிந்தும் அவர் தூக்கவில்லை. கை சிக்கியிருக்கும்போது தூக்கினால் தோள் கழன்றுவிடும் என்று பயம். சுண்டலுக்காகக் காத்திருந்தார்.

குளியாள் கடைசி இரண்டையும் போட்டு மறுபடி இழுத்தார். இருபது முகப் பகடையில் பதினேழு. கை வந்துவிட்டது, தோல் கொஞ்சம் போனது. கயிற்றை இரண்டு முறை சுண்டினார். கை காலி என்பதால் பகடையா, பேரமா என்று கண்ணாலேயே கேட்டேன். பகடையைத் தள்ளிவிட்டு, உயிர்ப்புள்ளியில் நான்கை அடித்தார். மச்சான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். சணலை இழுத்த இழுப்பில் தேநீர்க் கோப்பை கவிழ்ந்து இரண்டு பாத்திரத் தாள்கள் நனைந்தன.

தலை நீருக்கு மேலே வந்தது. நண்பர் நிஜமாகவே ஒரு மூச்சு இழுத்துவிட்டார். நான் கேட்காமலே, எந்தக் கொட்டை எதற்குப் போனது என்று கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து விரலால் தள்ளித் தள்ளி எண்ணிக் காட்டினார். மச்சான் அதையெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை.

"அதெல்லாம் இருக்கட்டும் மாப்பிள்ளை, சிப்பி எத்தனை?" என்றார்.